அறுபதைத் தாண்டினால் வரும் சத்தம்

ஜூன் 8, ஞாயிறு

கம்பெனி பஸ் இல்லாத நாள். எட்டு மணி வரை தூங்கினேன். எழுந்தபோது லதா லாட்ஜுக்குக் கிளம்பிப் போயிருந்தாள். அவள் ரிசப்ஷனில் இருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை என்றால் திருச்சானூரில் எந்த லாட்ஜிலும் லீவு தரமாட்டார்கள். உப்புமா மூடி வைத்திருந்தது. உப்பு குறைவு.

திலீப் போன் செய்தான். என் மச்சான், லதாவின் தம்பி, சித்தூரில் மாம்பழக் கூழ் ஃபேக்டரியில் லேப் வேலை. பழைய வண்டி ஒன்று பார்த்திருக்கிறானாம். 1984 மாடல், டூ ஸ்ட்ரோக், இருநூற்றைம்பது சி.சி., இரண்டு சைலன்சர். கல்யாணமாகி எட்டு மாதம்தான் ஆகிறது, அடங்கியிருந்த வண்டிப் பைத்தியம் அதற்குள் திரும்பிவிட்டது. நான் வந்து இன்ஜினைப் பார்த்துச் சரி என்றால்தான் எடுப்பானாம். அவன் பெண்டாட்டி ரக்ஷிதாவும் அப்படித்தான் கண்டிஷன் போட்டிருக்கிறாள்.

மீட்டரில் எவ்வளவு என்றேன். அறுபத்தோராயிரம் என்றான் குஷியாக. அந்தக் கால மீட்டரில் ஐந்து இலக்கம்தான். லட்சம் ஆனதும் பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும், எத்தனை தடவை திரும்பியது என்று சொல்லாது. அதைச் சொன்னதும் குஷி கொஞ்சம் இறங்கியது.

அடுத்த ஞாயிறு வருகிறேன் என்றேன்.


ஜூன் 10, செவ்வாய்

ஸ்ரீசிட்டிக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. வேறு விசேஷமில்லை.

புதிதாக வந்த மேனேஜரிடம் என்னை அறிமுகம் செய்தபோது, "இவர்தான் காது கேசவன்" என்றார்கள். பதினெட்டு வருஷப் பெயர். பிரஸ் ஷாப்பில் தகடு அடிக்கும் அச்சு, டை என்போம், விரிசல் விட ஆரம்பித்தால், பாகத்தை அளந்து பார்ப்பதற்கு முன்பே சத்தத்தில் கண்டுபிடித்துவிடுவேன். அதனால்தான் ஆபரேட்டர் வேலையிலிருந்து இன்ஸ்பெக்டர் ஆனேன். எல்லோரும் காதில் பஞ்சு மாதிரி அடைப்பான் வைத்துக்கொள்வார்கள். என்னுடையது கழுத்தில்தான் தொங்கும். காதை அடைத்துக்கொண்டு எப்படிக் கேட்பது?

மேனேஜர் என் காதையே பார்த்தார். ஏதோ தனியாக ஒன்று இருக்கும் என்று எதிர்பார்த்தார் போல.


ஜூன் 15, ஞாயிறு

சித்தூர் போய்வந்தேன். கொஞ்சம் விவரமாக எழுதிவைக்கிறேன்.

ஒன்பது மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தேன். ஏழேகாலுக்கே கிரீம்ஸ்பேட்டையில் அந்த வீட்டு வாசலில் நின்றேன். பழைய வண்டி பார்க்கப் போகும்போது நான் எப்போதும் செய்வது இது. சொன்ன நேரத்துக்குப் போனால் விற்கிறவன் அதற்குள் ஸ்டார்ட் செய்து சூடேற்றி வைத்திருப்பான். சூடான இன்ஜின் நல்ல பிள்ளையாக நடந்துகொள்ளும். குளிர்ந்திருக்கும்போது எப்படிக் கிளம்புகிறது என்பதில்தான் பாதி விஷயம்.

விற்கிறவர் பெயர் ஹரிபிரசாத். ஐம்பது வயதிருக்கும். கோர்ட் எதிரே ஜெராக்ஸ் கடை. பல் தேய்த்துக்கொண்டே வந்து கேட்டைத் திறந்தார். சீக்கிரம் வந்ததற்குக் கோபப்படவில்லை. இன்ஜின் மேல் கையை வைத்தேன், ஜில்லென்று இருந்தது. மனிதர் ஏமாற்றுக்காரர் இல்லை என்று அப்போதே ஒரு மார்க் போட்டேன்.

வண்டி அவர் அப்பா ரங்கையாவுடையது. பால் கம்பெனியில் ரூட் சூப்பர்வைசராக இருந்தவர், தினம் அறுபது கிலோமீட்டர், பதினாலு வருஷம். அதுவே இரண்டரை லட்சம் ஆகிறது. மீட்டரில் 61,204. ஆக இரண்டு சுற்று சுற்றி மூன்றாவதில் நிற்கிறது என்று வைத்துக்கொண்டேன். எட்டு வருஷம் முன்பு சிலிண்டர் கடைந்து புது பிஸ்டன் போட்டார்களாம். அடிப்பாகத்தை, அதாவது கிராங்க்கை, ஒருமுறைகூடத் திறக்கவில்லை.

இந்த மாடலில் கிக்கரும் கியரும் ஒரே கம்பிதான். மூன்றாவது உதையில் கிளம்பியது. முதலில் நீலப் புகை, டூ ஸ்ட்ரோக் என்றால் அது இருக்கும். இரண்டு நிமிஷத்தில் மெலிந்துவிட்டது. அணைத்துவிட்டு பிளக்கைக் கழற்றினேன். காபிப்பொடி நிறம், நல்ல நிறம். கேஜ் வைத்து உதைத்ததில் கம்ப்ரெஷன் நூற்றுப் பத்து. ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி உதைத்தால் நூற்றுப் பதினெட்டு. ரிங் தேய்ந்திருந்தால் இன்னும் தாவியிருக்கும். பக்கமூடியைத் திறந்து கிராங்க் நுனியில் இருக்கும் மேக்னட்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டினேன், ஆட்டமில்லை. கியர் ஆயிலை விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தேன், இரும்புத் தூள் இல்லை.

மிச்சம் இருப்பது காது. ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜினில் ஆயிலைப் பார்த்து அடிப்பாகத்தின் நிலைமையைச் சொல்லிவிடலாம். டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோலோடு கலந்த ஆயில் எரிந்து போய்விடுகிறது. கிராங்க் பேரிங் எப்படி இருக்கிறது என்று பிரிக்காமல் சொல்ல வேண்டுமானால் கேட்டுத்தான் சொல்ல வேண்டும்.

நீள ஸ்க்ரூடிரைவரின் நுனியை கேஸின் மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதோரம் எலும்பில் அழுத்திக் கேட்டேன். ஹரிபிரசாத் ஆக்சிலேட்டரைத் திருகினார். சீரான இரைச்சல். கோளாறு எதுவும் கேட்கவில்லை.

அப்போது அவர் சொன்னார்: "சார், அறுவதைத் தாண்டினா ஒரு சன்ன சத்தம் வருது. கொலுசு குலுங்குற மாதிரி. நைனா காலத்துல அது இல்ல. நல்லா கேட்டுப் பாருங்க, மறைச்சு விக்க எனக்கு இஷ்டமில்ல."

மறுபடி கேட்டேன். வண்டியை ஓட்டிக்கொண்டு பைபாஸ் வரைக்கும் போய்வந்தேன், அறுபத்தைந்து வரை முறுக்கினேன். ஒன்றுமில்லை. திரும்பி வந்து அவருக்கு விளக்கினேன். சிலிண்டரைச் சுற்றி அடுக்கடுக்காகத் தகடு இருக்கிறதே, ஃபின், அதற்கு நடுவில் இருக்கும் ரப்பர் காய்ந்து விழுந்துவிட்டால் வேகத்தில் தகடு அதிரும், அதுதான் பாடுகிறது. ரப்பர் துண்டு நாலு செருகினால் போதும். அவர் தலையை ஆட்டினார். திருப்தியாக ஆட்டினாரா என்றால் இல்லை. "இன்ஜின் விஷயம் உங்களுக்குத்தான் தெரியும்" என்றார்.

திலீப் ஒன்பதரைக்கு வந்தான். மாம்பழ சீசன், நைட் ஷிஃப்ட் முடித்துக் கண் சிவக்க. "தைரியமா எடு" என்றேன். ஹரிபிரசாத் சொன்னதை அவனிடம் சொல்லவில்லை. விற்கிற ஆளே சத்தம் இருக்கிறது என்று சொல்லுவது உலகத்தில் எங்கும் நடக்காத விஷயம். பயந்த சுபாவம் போல. அதைச் சொல்லிப் பையனைக் குழப்புவானேன்?


ஜூன் 16, திங்கள்

திலீப் வண்டி எடுத்துவிட்டான். ஆர்.சி. மாற்ற எழுதிக் கொடுத்தாயிற்று.


ஜூன் 22, ஞாயிறு

திலீப் அந்த வண்டியில் சித்தூரிலிருந்து வந்தான். தனியாகத்தான். எழுபது கிலோமீட்டர், ஒரு தொல்லையும் இல்லை என்றான். நான் எடுத்துவைத்திருந்த ரப்பரை வெட்டி ஃபின்களுக்கு நடுவில் இறுக்கமாகச் செருகினேன். மேலும் கீழும் எட்டுத் துண்டு. தட்டிப் பார்த்தேன், தகடு அதிரவில்லை.

மத்தியானம் சாப்பிட லாட்ஜிலிருந்து லதா வந்தாள். அவளிடம் காட்டுவதற்காகத் திலீப் ஸ்டார்ட் செய்து இரண்டு முறுக்கு முறுக்கினான். அவள் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "இன்னாடா, வண்டிக்குக் கொலுசு போட்டுக்கீறியா?" என்றாள்.

திலீப் சிரித்தான். ஃபின் சத்தம் என்று மாமா சொல்லியிருக்கிறார் என்றான். லதா என்னைப் பார்த்தாள். நான் சாம்பாரை ஊற்றச் சொன்னேன்.

அவன் கிளம்பும்போது தெருமுனை வரைக்கும் கூடவே போய் நின்றேன். முறுக்கிக்கொண்டு போனான். எனக்கு இன்ஜின் கேட்டது. கொலுசு கேட்கவில்லை.


ஜூன் 23, திங்கள்

ரப்பர் செருகிய பிறகு ஃபின் எப்படிப் பாடும்?

ஹரிபிரசாத் சொன்ன அதே வார்த்தை லதாவுக்கு எப்படி வந்தது? நான் வீட்டில் அதைச் சொல்லவே இல்லை.


ஜூன் 26, வியாழன்

நாலாம் நம்பர் பிரஸ். நான் பக்கத்திலேயே நின்றுகொண்டு பாகங்களை அளந்துகொண்டிருந்தேன். ஆபரேட்டர் முனுசாமி திடீரென்று மெஷினை நிறுத்தினான். பாலசமுத்திரத்துப் பையன், நாலு வருஷமாக என்னிடம் இருக்கிறான். "சார், டை சிணுங்குது" என்றான்.

நான் அளந்த பாகம் சரியாக இருந்தது. சும்மா பார்க்கலாம் என்று டையை இறக்கினோம். மயிரிழை விரிசல், வலது ஓரத்தில், அரை விரல் நீளம்.

அவன் என்னையே பார்த்தான். பிறகு அவனாகவே, "வேற யோசனையில இருந்தீங்க போல சார்" என்று சொல்லிவிட்டு ஸ்பானரை எடுத்துக்கொண்டு போனான். எனக்கு ஒரு சாக்கு தயார் செய்து கொடுத்துவிட்டுப் போகிறான். கோபம் வந்தது. அவன் மேல் இல்லை. யார் மேல் என்று தெரியவில்லை.

நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருக்கிறார்கள். ஜூலை 15, காது பரிசோதனை வேன் வருகிறது.

இதை இங்கேயாவது எழுத வேண்டும். அந்த வேனில் கண்ணாடிப் பெட்டிக்குள் உட்காரவைத்து ஹெட்போன் மாட்டுவார்கள். சத்தம் கேட்டால் கையிலிருக்கும் பொத்தானை அமுக்க வேண்டும். வெளியே உட்கார்ந்திருக்கும் பெண் ஒவ்வொரு தடவை சத்தம் விடும்போதும் அவள் தோள் லேசாக அசையும். பிரஸ் ஷாப்பில் எல்லோருக்கும் அது தெரியும். தோள் பார்த்து அமுக்குவது என்று அதற்குப் பெயரே வைத்திருக்கிறோம். முதல் வருஷம் மற்றவர்கள் செய்தார்கள் என்று விளையாட்டாகச் செய்தேன். போன வருஷம் விளையாட்டு இல்லை. தோளைப் பார்க்காமல் இருந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

காது போனவர்களை பிரஸ் ஷாப்பில் வைக்கமாட்டார்கள். டிஸ்பேட்ச்சில் போட்டுவிடுவார்கள். அங்கே காது கேசவன் என்று யாரும் கூப்பிடமாட்டார்கள். வெறும் கேசவன், பெட்டி எண்ணுகிறவன்.


ஜூன் 29, ஞாயிறு

லதாவிடம் சொன்னேன். எல்லாவற்றையும் இல்லை. காதைச் சோதிக்க வேண்டும் என்று மட்டும்.

போனில் ஒரு ஆப் இருக்கிறது, எண்ணைக் கூட்டக் கூட்டச் சத்தம் கீச்சென்று கூர்மையாகிக்கொண்டே போகும். நான் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தேன். அவள் பின்னால் நின்று ஒவ்வொன்றாக விட்டாள். கேட்டால் கை தூக்க வேண்டும். ஐந்நூறு, ஆயிரம், இரண்டாயிரம் — தூக்கினேன். மூவாயிரத்தில் யோசித்துத் தூக்கினேன். அதற்குப் பிறகு அவள் ஏதும் செய்யவில்லை. ஏன் நிறுத்திவிட்டாள் என்று திரும்பிப் பார்த்தேன்.

ஒரு கையால் போனை நீட்டிக்கொண்டு, இன்னொரு கையால் காதைப் பொத்திக்கொண்டு நின்றாள். முகம் சுளித்திருந்தது. ஆறாயிரத்தில் இருந்தது போன்.

அணைத்துவிட்டு உட்கார்ந்தாள். வண்டிச் சத்தம் உனக்குக் கேட்கவில்லை என்று திலீப்புக்குச் சொல்லிவிடு என்றாள். சொல்கிறேன் என்றேன்.

அவள் பேசுவதே கேட்கமாட்டேன் என்கிறேன் என்று மூன்று வருஷமாகச் சண்டை போடுகிறாள். நான் அவள் வாய்க்குள் முனகுகிறாள் என்று திட்டிக்கொண்டிருந்தேன்.


ஜூலை 2, புதன்

திலீப்புக்கு நான் போன் செய்வதற்கு முன் அவனே செய்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ரக்ஷிதாவும் அவனும் வண்டியில் வருகிறார்கள். அலிபிரியில் வண்டியை விட்டுவிட்டு மலைக்கு நடந்து ஏறுகிறார்கள். வேண்டுதலாம். இறங்கி வந்து நம் வீட்டில் சாப்பாடு. லதாவுக்குப் புளியோதரை ஆர்டர் வேறு.

சொல்ல வேண்டியது ஒரே வரி. வண்டியை எடுக்காதே, அடிப்பாகத்தில் சத்தம் இருக்கிறது, எனக்குக் கேட்கவில்லை. வாய் வரை வந்தது. எப்படிக் கேட்காமல் போகும் என்று கேட்பான். அவன் கூட வேலை செய்கிறவனின் அண்ணன் எங்கள் கம்பெனியில்தான் இருக்கிறான். பதினைந்தாம் தேதிக்கு இன்னும் இரண்டு வாரம்கூட இல்லை.

நான் சொன்னது இது: "கியர் ஆயில மாத்திட்டு எடு. அம்பதுக்கு மேல போகாத."

சரி மாமா என்றான்.

ஐம்பதுக்குக் கீழே போனால் ஒன்றும் ஆகாது. எழுபது கிலோமீட்டர்தானே. போன தடவையும் அதே தூரம் வந்தானே. பதினைந்தாம் தேதி முடியட்டும், நானே போய் இன்ஜினை இறக்கிப் பார்த்துவிடுகிறேன்.

திலீப்புக்குச் சொல்லிட்டியா என்று லதா கேட்டாள். சொல்லிட்டேன் என்றேன்.


ஜூலை 6, ஞாயிறு

ஆஸ்பத்திரியிலிருந்து இப்போதுதான் வந்தோம். மாலை ஐந்து மணி.

சந்திரகிரி தாண்டியதும் இன்ஜின் ஜாம். பின்சக்கரம் அப்படியே பூட்டிக்கொண்டது. இழுத்துக்கொண்டு போய் ரோட்டோரம் விழுந்திருக்கிறார்கள். பின்னால் வந்த லாரி ஒதுங்கிப் போனது. ஒதுங்காவிட்டால் — எழுதமாட்டேன்.

ரக்ஷிதாவுக்கு இடது மணிக்கட்டு எலும்பு முறிவு. பிளேட் வைக்க வேண்டும் என்கிறார்கள். முழங்காலில் தோல் போய்விட்டது. ஹெல்மெட் இரண்டு பேரும் போட்டிருந்தார்கள். திலீப்புக்குத் தோளில் அடி, மற்றபடி நடமாடுகிறான்.

அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க சொன்ன மாதிரியே ஆயில் மாத்தினேன் மாமா. அம்பதுக்கு மேல போகவே இல்ல" என்றான். மூன்று தடவை சொன்னான். நான் ஏதோ அவனைத் திட்டப்போகிறேன் என்பது போல.

பிறகு ஹரிபிரசாத் மேல் கோபம். மறைச்சு வித்துட்டான், சும்மா விடமாட்டேன் என்றான். ரக்ஷிதாவின் அப்பாவும் சேர்ந்துகொண்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன். டாக்டர் சீட்டைப் படிப்பது போல வைத்துக்கொண்டிருந்தேன்.

நான் என்ன செய்துவிட்டேன்? இன்னா செஞ்சிட்டேன் நான்?


ஜூலை 7, திங்கள்

லீவு சொல்லிவிட்டு சந்திரகிரி போனேன். வண்டியை ஒரு ஷெட்டில் போட்டு வைத்திருக்கிறார்கள். நானே பிரித்தேன், ஷெட்காரர் டூல் கொடுத்தார்.

ஹெட் சரி. சிலிண்டர் சுவரில் மூன்று ஆழமான கீறல். பிஸ்டன் மேல்பக்கம் இரும்புத் துணுக்கு பதிந்திருக்கிறது. கனெக்டிங் ராடின் கீழ்முனையில், கிராங்க் பக்கம், ஊசி போன்ற சின்ன உருளைகள் ஒரு கூட்டுக்குள் வரிசையாக இருக்கும். அந்தக் கூடு துண்டு துண்டாக உடைந்திருக்கிறது. ஒரு துண்டு மேலே ஏறி பிஸ்டனுக்கும் சுவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. கிராங்க்கைத் தாங்கும் மெயின் பேரிங்குகள் நன்றாக இருக்கின்றன. மேக்னட்டை ஆட்டிப் பார்த்தபோது ஆட்டம் தெரியாததற்கு அதுதான் காரணம்.

உடைந்த துண்டுகளை விரல் நுனியால் தள்ளிப் பார்த்தேன். ஓரமெல்லாம் மழுங்கி வழவழப்பாக இருக்கிறது. நேற்று உடைந்திருந்தால் ஓரம் கூராக இருக்கும். இது பல மாதமாக லூஸாகி உரசி ஆடிக்கொண்டிருந்திருக்கிறது. மெல்லிய இரும்பு, சன்னமாகத்தான் சத்தம் போடும். ஹரிபிரசாத் சரியான வார்த்தையைத்தான் சொல்லியிருக்கிறார்.

ஷெட்காரர் எட்டிப் பார்த்து, வண்டி எடுக்கும்போது யாரிடமும் காட்டவில்லையா என்று தெலுங்கில் கேட்டார். காட்டினார்கள் என்றேன்.


ஜூலை 9, புதன்

திலீப் இரண்டு நண்பர்களைக் கூட்டிக்கொண்டு கோர்ட் எதிரே ஜெராக்ஸ் கடைக்குப் போயிருக்கிறான். வக்கீல், குமாஸ்தா, கேஸுக்கு வந்த ஜனம், எல்லோரும் பார்க்க ஹரிபிரசாத்தைத் திருடன் என்று கத்தியிருக்கிறான். போலீஸில் எழுதிக்கொடுப்பேன் என்றும் சொல்லியிருக்கிறான். போனில் அவனே சொன்னான். மூச்சு வாங்கியது.

"அந்த ஆளு இன்னா சொல்றான் தெரியுமா மாமா? உங்ககிட்ட முன்னாடியே சொன்னானாம். உங்க பேரையே இழுக்கிறான், பொய் பேசுறதுக்கு ஒரு அளவில்ல?"

ரக்ஷிதா கை எப்படி இருக்கிறது என்று கேட்டேன். அவனாகவே வைத்துவிட்டான்.

சாயங்காலம் பஸ்ஸில் வரும்போது ஹரிபிரசாத் போன் செய்தார். கத்தவில்லை. "சார், நான் உங்ககிட்ட சொன்னேன் இல்ல? அத மட்டும் உங்க மச்சான்கிட்ட சொல்லுங்க. வேற ஒண்ணும் வேணாம்" என்றார்.

லைன் சரியாகக் கேட்கவில்லை என்று சொல்லிக் கட் செய்தேன்.


ஜூலை 10, வியாழன்

கேட்டது. ஒவ்வொரு எழுத்தும் கேட்டது.


ஜூலை 12, சனி

லதாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சித்தூரில் ஹரிபிரசாத் சொன்னது, நான் ஃபின் என்றது, இரண்டாம் தேதி போனில் கியர் ஆயில் என்றது. அவள் மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. முடித்ததும், "திலீப்கிட்ட சொல்லிட்டேன்னு என்கிட்ட சொன்னியே" என்றாள். கடலைத் தோலை வாரிக்கொண்டு உள்ளே போனாள். சத்தம் போட்டிருந்தால் தேவலை.

நாளைக்கு ஞாயிறு, திலீப்பைக் கூட்டிக்கொண்டு ஹரிபிரசாத் வீட்டுக்குப் போகலாம் என்று நினைத்தேன். அது சௌகரியம். நாலு சுவருக்குள் முடிந்துவிடும். ஆனால் அந்த மனிதரைத் திட்டியது கடையில், கோர்ட் நடக்கும் நாளில். திங்கட்கிழமை போக வேண்டும். இன்னொரு லீவு.


ஜூலை 14, திங்கள்

பதினோரு மணி. கடையில் ஏழெட்டுப் பேர் காகிதத்தோடு நின்றார்கள். திலீப் என்னோடு வந்தான். அவன் நினைத்துக்கொண்டு வந்தது வேறு, நான் அவனுக்காகச் சண்டை போட வருகிறேன் என்று.

ஹரிபிரசாத் எங்களைப் பார்த்ததும் மெஷினை நிறுத்தினார். முகம் இறுகிப் போனது. மறுபடி ஒரு கூச்சல் என்று தயாராகிவிட்டார் பாவம்.

உரக்கத்தான் சொன்னேன். உரக்கப் பேசுவது எனக்குப் பழக்கம்தான், இப்போதுதான் காரணம் தெரிகிறது. "இவரு சத்தம் இருக்குதுன்னு என்கிட்ட சொன்னாரு திலீப். வண்டி பார்த்த அன்னிக்கே, நீ வர்றதுக்கு முன்னாடியே சொன்னாரு. எனக்குக் கேக்கல. என் காது போய்க்கினு இருக்குது. அத ஒத்துக்க வெக்கப்பட்டுக்கினு ஃபின் சத்தம்னு சொல்லிட்டேன். அப்புறம் தெரிஞ்சும் உன்ன வண்டி எடுக்காதன்னு சொல்லல."

ஒருவர் தெலுங்கில் பக்கத்திலிருந்தவரிடம் மொழிபெயர்த்தார். அதுவும் நல்லதுதான்.

திலீப் ஹரிபிரசாத்தைப் பார்த்துக் கைகூப்பி, "க்ஷமிஞ்சண்டி" என்று தெலுங்கில் மன்னிப்புக் கேட்டான். வண்டிச் சாவியை அங்கேயே மேஜையில் வைத்துவிட்டு இறங்கிப் போய்விட்டான். அது எதற்கு என்று தெரியவில்லை, வண்டி அவனுடையதுதான். ஹரிபிரசாத் சாவியை எடுத்து என் கையில் கொடுத்தார். சன்ன சத்தம்தான் சார், யார் காதுக்கும் தப்பும் என்றார். அப்படிச் சொல்லாதீர்கள் என்றேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டு மெஷினைப் போட்டார். ஜனம் காத்திருந்தது.

சாயங்காலம் ரக்ஷிதா பேசினாள். கையில் பிளேட் வைத்தாயிற்று, வலி குறைந்திருக்கிறது என்றாள். பிறகு, "மாமா, அன்னிக்கே சொல்லியிருந்தா நாங்க பஸ்ல வந்திருப்போம்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. பஸ்ஸில் வந்திருப்பார்கள். வேறு ஒன்றும் செய்ய வேண்டியிருந்திருக்காது.

திலீப்பிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்க வேண்டும். இன்றைக்கு அவன் போனை எடுக்கவில்லை.


ஜூலை 15, செவ்வாய்

வேன் பத்து மணிக்கே வந்துவிட்டது. எனக்கு முன்னால் முனுசாமி உள்ளே போனான். வெளியே வந்தபோது, அதே பெண்தான் சார், அதே தோள்தான் என்று என் காதருகில் சொல்லிவிட்டுப் போனான். நல்லெண்ணத்தில்தான் சொன்னான்.

உள்ளே போனதும் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொள்ளலாமா என்று அவளைக் கேட்டேன். எதற்கு என்றாள். சும்மா என்றேன். சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். ஹெட்போனை மாட்டிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

முதலில் வந்தவை கேட்டன. ஒவ்வொன்றுக்கும் அமுக்கினேன். அப்புறம் எதுவுமில்லை. சுவரில் பஞ்சு அட்டை ஒட்டியிருந்தது, அதில் வரிசையாகச் சின்ன ஓட்டைகள். நான் பொத்தானைக் கட்டை விரலுக்குக் கீழே வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அடுத்த காதுக்கு மாற்றுகிறாள் போல என்று நினைத்தேன். மெஷின் ஏதாவது கோளாறாக இருக்குமோ என்றும் நினைத்தேன். பல வருஷமாக இவ்வளவு கவனமாக எதையும் நான் கேட்டதில்லை.

கதவு திறந்தது. அந்தப் பெண் குனிந்து என் முகத்தைப் பார்த்தாள்.

"சார், தூங்கிட்டீங்களா? நான் அப்பத்துலருந்து சத்தம் விட்டுக்கினே இருக்கேன்."

"இல்லம்மா" என்றேன். "கேட்டுக்கினுதான் இருக்கேன்."